நாலு கிட்டார், கொஞ்சம் சால்டரிங், நிறைய ஈரக்காற்று

கும்பகோணம் பக்கம் கிட்டார் வைத்திருக்கிறவர்கள் கிட்டாரோடு சேர்த்து வாங்க வேண்டிய முதல் சாமான் ஒரு ஈரப்பத மீட்டர். சில நூறு ரூபாய்தான். பெடல், ஆம்ப், பட்டை பட்டையாக ஸ்ட்ராப் எல்லாம் அப்புறம். கிட்டாரை 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதத்தில் வைத்திருங்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஆற்றங்கரைத் தெரு வீட்டுக் கூடத்தில் அந்த முள் எண்பதைத் தாண்டி நிற்கும். மரம் தண்ணீர் குடிக்கும், மேல்பலகை உப்பும், கம்பி உயரும், விரல் வலிக்கும். வாசிக்கிற பையன் தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்துக் கிட்டாரைப் பரண்மேல் போட்டுவிடுவான். எங்கள் தெருவிலேயே அப்படிப் பரணில் கிடக்கிற கிட்டார்கள் உண்டு.

என்னிடம் இருப்பது நாலு. ஒரு யமஹா எஃப்310 அக்கூஸ்டிக், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) போட்ட விலை குறைந்த ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் ஒன்று, லெஸ் பால் வடிவத்தில் எலக்ட்ரிக் ஒன்று, அப்புறம் மாமா விட்டுப்போன கல்கத்தாக் கிட்டார். நாலையும் திறந்து நோண்டியாகிவிட்டது. எந்த வேலை காசுக்குத் தகுந்தது, எது வெறும் ஆசைக்குச் செய்தது என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு இருந்தால் நட்டிலும் (கழுத்து முனையில் கம்பி உட்காரும் கட்டை) சேடிலிலும் (உடம்புப் பக்கம் கம்பி உட்காரும் கட்டை) ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) போடுங்கள், பிக்கப்பைக் கடைசியில் பாருங்கள். இணையத்தில் எல்லோரும் தலைகீழாகத்தான் சொல்வார்கள், ஏனென்றால் பிக்கப்பைப் பெட்டியில் போட்டு விற்க முடியும், நட்டை அரத்தால் ராவுகிற பொறுமையை விற்க முடியாது.

எஃப்310. இதைப் பார்த்தாலே மூக்கைச் சுளிக்கிற நண்பர்கள் உண்டு, மேல்பலகை சாலிட் இல்லையாம், ஒட்டுப்பலகையாம். உண்மைதான், ஸ்ப்ரூஸ் மேல்பலகை ஒட்டுப்பலகை, பின்பக்கமும் பக்கவாட்டும் மெராண்டி. ஆனால் நம் ஊருக்கு அதுதான் சௌகரியம். ஒற்றைப் பலகை கிட்டாரின் ஒலி ஆண்டுகள் போகப்போகத் திறக்கும் என்பார்கள், இருக்கலாம், அதே ஒற்றைப் பலகை ஒவ்வொரு மழைக்கும் பிரிட்ஜுக்கு (சேடிலைத் தாங்கும் கட்டை) பின்னால் தொப்பை போடுவதையும் பார்த்திருக்கிறேன். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை அவ்வளவாக அசையாது. ஏசி இல்லாத வீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிறவர்களுக்கு முதல் கிட்டாராக ஒட்டுப்பலகையைத்தான் நான் சொல்வேன்.

இதில் செய்தது இரண்டே வேலை. பிளாஸ்டிக் நட்டையும் சேடிலையும் கழற்றிவிட்டு எலும்பில் செய்ததைப் போட்டேன், ஆக்‌ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை, இறக்கினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு இரண்டு, அவ்வளவு இருந்தால் போதும், கார்டும் பிடிக்கலாம், கம்பியும் அடிக்காது. சேடிலைத் தேய்க்கும்போது ஒரு கணக்கை மறக்கக் கூடாது: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதி. கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் போச்சு, எடுத்த எலும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

நட் விஷயம் இன்னும் முக்கியம், யாரும் கவனிப்பதில்லை. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் நட் உயரம். நட் உயரமாக இருந்தால் திறந்த கம்பி சுருதியில் இருக்கும், முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் சுருதி ஏறிவிடும். ட்யூனர் சரி என்கிறது, ‘எஃப்’ கார்டு மட்டும் அபஸ்வரமாக ஒலிக்கிறதே என்று குழம்புகிற எல்லோருக்கும் இதுதான் வியாதி. மெல்லிய ஊசி அரங்கள் கொண்டு ஒரு மாலை நேரத்தில் தீர்க்கக்கூடியது. இடுக்கில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் கம்பி சிக்காமல் வழுக்கும். கம்பியும், தடிமன் எண் 12-க்குப் பதிலாக 11-ல் தொடங்குகிற மெல்லிய செட் போட்டிருக்கிறேன். 12 செட் எல்லாமாகச் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும், ஈரத்தில் ஊறிய பலகைக்கு அந்தச் சுமை எதற்கு?

மழைக்காலத்தில் கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறியதும் லேசான சூட்டில் வறுத்தால் பழையபடி ஆகும். சமையல் வாணலியில் வறுக்க வேண்டாம், வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, ஸ்ட்ராட் வகைக்கு வருவோம். இதுதான் என்னோடு திருவிழா மேடைக்கு வருவது. டெல்டாவில் மாசி பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு மாரியம்மன் கோயிலில் இன்னிசைக் கச்சேரி இருந்துகொண்டே இருக்கும். அந்த மேடைகளில் சிங்கிள் காயில் பிக்கப் படும் பாடு பட்டால்தான் தெரியும். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் ட்யூப்லைட் வரிசை, பக்கத்திலேயே சாமி உருவம் போட்டு ஓடுகிற சீரியல் செட். ஒரு காயில் என்பது ஒரு ஆண்டெனாவும்தான், சுற்றி இருப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பாடகர் சரணத்துக்கு நடுவில் மூச்சு விடுகிற இடத்தில் நம் ஆம்ப் மட்டும் ஙொய்யென்று பாடிக்கொண்டிருக்கும்.

இதற்குச் செப்புத் தாள் ஒட்டுவதுதான் மருந்து என்பார்கள். ஒட்டினேன். பிக்கப் பதித்த பிளாஸ்டிக் தகடான பிக்கார்டின் அடிப்பக்கம், உள்ளே குடைந்திருக்கிற பள்ளம், எல்லாவற்றிலும் மின்சாரம் கடத்துகிற பசை உள்ள தாள், விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி. மல்டிமீட்டரை வைத்து எல்லா இடமும் தொடர்பில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு ஒயரால் எர்த்தோடு சேர்த்தேன். ஜாக்கின் முனை தாளில் உரசாமல் ஒரு இன்சுலேஷன் டேப் போட வேண்டும், இல்லாவிட்டால் கிட்டார் ஊமையாகிவிடும். இனி முடிவு: பாதி வெற்றி. சீரியல் செட்டும் டிம்மரும் கிளப்புகிற கரகர சத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம் அப்படியே இருந்தது, ஏனென்றால் அது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிற காந்தப்புலம், மெல்லிய செப்புத் தாள் அதைத் தடுக்காது. இந்த வித்தியாசத்தை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. ஹம்முக்கு மருந்து, நடு பிக்கப்பை, கம்பிச் சுற்றின் திசையும் காந்தமும் தலைகீழாக இருக்கிற ஒன்றாக மாற்றுவது. அப்போது பிக்கப் மாற்றும் ஐந்து இட சுவிட்சின் இரண்டாவது, நான்காவது இடங்களில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஹம்மை ஒன்றையொன்று அழித்துவிடும். மேடையில் நான் அந்த இரண்டு இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. 1954-ல் ஸ்ட்ராட் வந்தபோது சுவிட்சில் மூன்று இடம்தான் இருந்தது, வாசிக்கிறவர்கள் நடுவில் சிக்கவைத்து இந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள், ஃபெண்டர் ஐந்து இட சுவிட்ச் போட 1977 ஆகிவிட்டது.

இங்கே ஒரு விஷயம், கிட்டார் ரிவ்யூவில் வராது, ஆனால் திருவிழாவில் வாசிக்கிறவர்களுக்கு உயிர் விஷயம். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. ஆம்ப் ஒரு லைனிலும் மைக் செட் வேறு லைனிலும் ஓடி, இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லை என்றால், கையில் கம்பி, உதட்டில் மைக், நடுவில் நீங்கள். ‘சுர்’ரென்று ஒன்று அடித்தால் அது அதிர்ஷ்டம். மழை ஈரத்தில் சாக்கு விரித்த மேடை என்றால் இன்னும் மோசம். நான் மைக் பக்கம் போவதற்கு முன் கம்பிக்கும் மைக்கின் இரும்புக் கூட்டுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பார்க்கிறேன். மைக் செட் அண்ணன்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் போட்டால் அந்தத் தொடர்பே அறுந்துவிடும். என் கணக்கில் இந்தக் கிட்டாருக்குச் செய்த உருப்படியான செலவு அதுதான்.

இதே கிட்டாரில் ட்ரெமலோவை, அதாவது ஸ்பிரிங்கில் ஆடும் பிரிட்ஜை, அடைத்துவிட்டேன். மிதக்கிற ட்ரெமலோவில் ஒரு கம்பியை இழுத்தால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து மற்ற ஐந்தின் சுருதியும் இறங்கும். வெள்ளைக்காரப் பாட்டில் ஒரு பெண்டுக்கு (கம்பியை இழுப்பதற்கு) அது ஓடிவிடும். நமக்கு ஒவ்வொரு ஸ்வரத்திலும் இழுப்பு, தோடி காந்தாரத்தை அசைத்துக்கொண்டே பக்கத்துக் கம்பியில் சட்ஜத்தை மீட்டினால் சட்ஜமும் சேர்ந்து ஆடும். பின்பக்க ஸ்பிரிங் பள்ளத்தில் ஒரு மரக்கட்டையை இறுக்கி வைத்தால் தீர்ந்தது. கட்டை எங்கே கிடைத்தது என்றால் தஞ்சாவூரில், வீணை செய்கிற பட்டறையில், பலாமரத்துச் சீவல்கள் நடுவில். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

அந்தப் பட்டறை விஷயத்தைக் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் நான் செய்த வேலைகளிலேயே யோசிக்க வைத்தது அதுதான். இந்த ஸ்ட்ராட்டின் ஃப்ரெட்போர்டை ஸ்காலப் செய்யும் ஆசை, அதாவது ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் நடுவில் மரத்தைக் குடைந்து பள்ளமாக்குவது. இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வாசித்த அக்கூஸ்டிக்கில் அப்படித்தான் குடைந்திருந்தது, குறுக்கே தனியாகச் சுருதிக் கம்பிகளும் உண்டு. பெரிய ஊரில் ஒரு கடையில் கேட்டால் சொன்ன விலைக்கு இன்னொரு கிட்டார் வாங்கலாம். வீணை ஆசாரியிடம் நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, நல்லா இருக்கிற பலகையைப் பள்ளம் பண்ணச் சொல்றீங்க? மெட்டை உசரமாப் போட்டுட்டா அதே வேலை ஆகிடாது?” என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. வீணையில் 24 மெட்டுகள், அதாவது ஃப்ரெட்கள், மெழுகில் கரி கலந்து கட்டிய மேட்டின்மேல் உயரமாக உட்கார்ந்திருக்கின்றன. விரல் மரத்தைத் தொடுவதே இல்லை, அதனால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் நாலைந்து ஸ்வரம் எடுக்க முடிகிறது. ஸ்காலப் செய்கிறவர்கள் தேடுவதும் இதைத்தான், விரல் மரத்தில் உரசக் கூடாது என்பதை. உயரமான ஜம்போ ஃப்ரெட் போட்டால் முக்கால்வாசிப் பலன் கிடைக்கிறது, பலகையும் பிழைக்கிறது. கடைசியில் ஜம்போ ஃப்ரெட் மாற்றினேன், பன்னிரண்டுக்கு மேலே மட்டும் லேசாகக் குடையச் சொன்னேன். கீழே கார்டு பிடிக்கிற இடத்தில் குடைந்தால், கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறி, ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு திசையில் போகும். ஆசாரியின் உளி வேலை அற்புதம், அரைவட்டம் எல்லாம் ஒரே ஆழம், எண்ணெய் தடவிக் கொடுத்தபோது பலகை மினுங்கியது. ஆனால் ஃப்ரெட் அடிப்பதும் மட்டம் பார்ப்பதும் அவர் வேலை இல்லை. அதற்கு ஃப்ரெட் அரம், இரும்பு ஸ்கேல் எல்லாம் வாங்கி நானே உட்கார்ந்தேன்.

அந்தப் பலகை என்ன மரம் என்று அவர் முகர்ந்து பார்த்தே சொல்லிவிட்டார், ஈட்டி. உலகம் முழுக்க ‘இண்டியன் ரோஸ்வுட்’ என்று கிட்டாரில் போடுகிறார்களே, அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். நடுவில் 2017-ல் சர்வதேச விதி இறுகி, ரோஸ்வுட் போட்ட கிட்டாரை எல்லை தாண்டி விற்கவே அனுமதிச் சீட்டு கேட்டார்கள், 2019-ல் இசைக்கருவிகளுக்கு விலக்கு தந்தார்கள். மலையில் வளர்ந்து, கப்பலேறி, சீனாவில் கிட்டாராகித் தஞ்சாவூருக்கு வந்திருக்கிறது.

ஃப்ரெட் பற்றி இன்னும் ஒன்று. வழக்கமான ஃப்ரெட்டை நிக்கல் சில்வர் என்பார்கள், அதில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம். செம்பு இருப்பதால் வியர்வை பட்டுப் பச்சை பூக்கும். சித்திரை மாதக் கச்சேரி முடிந்து துடைக்காமல் கேஸில் போட்டால் மறுவாரம் பார்க்கச் சகிக்காது. ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, இழுப்புக்கும் வழவழவென்று இருக்கும், ஆனால் அரம் தேய்ந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டெயின்லெஸ்ஸும், மேல்பூச்சுப் போட்ட கம்பியும் வாங்கலாம். கம்பி விலை இரண்டு மூன்று மடங்கு, நாளும் அதற்கு மேல் வரும்.

லெஸ் பால் வடிவம். அழகு, கனம். நாலு கிலோ பக்கம். விடிய விடிய நடக்கிற கச்சேரிக்குத் தோளில் மாட்டிப் பாருங்கள், மறுநாள் கை தூக்க வராது. ஹம்பக்கர் என்பதால் மேடையில் சத்தமே இல்லாமல் கப்சிப்பென்று இருக்கும், இரண்டு காயில் ஹம்மை அழிக்கிற இந்தப் பிக்கப்பை 1957-ல் கிப்ஸன் தன் கிட்டார்களில் போட ஆரம்பித்ததற்குக் காரணமே அந்த இரைச்சல்தான். கம்பி நீளம் ஸ்ட்ராட்டில் 648 மில்லிமீட்டர், இதில் 628, அந்த வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் கம்பி தளர்வாக இருக்கும், இழுப்பதற்கு இதமாக இருக்கும். இதற்குத்தான் நான் அதிகம் செலவழித்தேன், இதில்தான் பலன் குறைவு. புது பிக்கப் இரண்டும் கிட்டார் விலையில் கணிசமான பங்கு. வீட்டில் நல்ல ஆம்பில் வாசித்தால் வித்தியாசம் கேட்கிறது, மறுக்கவில்லை. திருவிழாவில் மைக் செட் மிக்ஸர் வழியாகக் கம்பத்து ஹாரனில் போகும்போது பழையது எது புதியது எது என்று என் பெண்டாட்டிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

காயில் ஸ்ப்ளிட் சுவிட்சும் போட்டேன், ஹம்பக்கரைப் பாதியாக்கி ஸ்ட்ராட் மாதிரி ஒலிக்க வைக்கிற வேலை. சத்தம் குறைகிறது, ஹம் திரும்பி வருகிறது, ஸ்ட்ராட்டாகவும் ஒலிக்கவில்லை. தேவையே இல்லை. வேலை செய்து கொடுத்த கடை, ஐந்நூறு கே (கிலோ ஓம்) வர வேண்டிய இடத்தில் 250 கே வால்யூம் கன்ட்ரோல் போட்டு அனுப்பியது, போர்வை போட்டு மூடியது போல மந்தமாக ஒலித்தது. ஹம்பக்கருக்கு 500, சிங்கிள் காயிலுக்கு 250, இதை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிறகு எங்கள் தெரு டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோய், பக்கத்தில் நின்று மாற்றிக்கொண்டேன். சால்டரிங்கில் அவரை அடிக்க ஆள் இல்லை. கிட்டாருக்குள் வெறும் நாலைந்து ஒயர்தானா என்று அவருக்கு ஏமாற்றம்.

இந்தக் கிட்டாரில் செய்ததிலேயே நல்ல மாற்றம் இனாமாக வந்தது. டோன் கெப்பாசிட்டரின் ஒரு காலை வால்யூம் கன்ட்ரோலின் உள்ளே வருகிற முனையிலிருந்து எடுத்து, வெளியே போகிற நடு முனையில் வைப்பது. ஐம்பதுகளின் ஒயரிங் என்பார்கள். வால்யூமைக் குறைத்தாலும் கூர்மை போகாது, பாடகர் பின்னால் மெதுவாக வாசிக்கும்போது எடுப்பாகக் கேட்கும். அப்புறம், எண்ணெயில் ஊறவைத்த பழங்காலக் கெப்பாசிட்டர் என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, வாங்காதீர்கள். மதிப்பு ஒன்றாக இருந்தால் ரேடியோ கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பாலியெஸ்டர் மிட்டாய் போதும்.

மாமாவின் கிட்டார். மாமா கோயில் பாடல் குழுவில் வாசித்தவர், பூண்டி மாதா திருவிழாவுக்கெல்லாம் போவார். நெக்கைத் திருகிச் சரிசெய்யும் டிரஸ் ராட் இல்லாத பழைய கட்டு, கழுத்து வளைந்து, ஆக்‌ஷன் விரல் நுழையும் உயரம். கார்டுக்கு லாயக்கில்லை என்று ஆனபின் ஃப்ரெட்களைச் சூடுகாட்டி உருவிவிட்டேன், பள்ளங்களில் வெனீர்ப் பட்டை ஒட்டி மட்டமாகத் தேய்த்தேன். ஃப்ரெட்லெஸ். பட்டுச் சுற்றிய மெல்லிய கம்பி போட்டிருக்கிறேன், கரடான இரும்புக் கம்பி பலகையைத் தின்றுவிடும். ட்யூனிங் டி-ஏ-டி-ஜி-ஏ-டி, டி-யை சட்ஜமாக வைத்துக்கொண்டால் ச-ப-ச-ம-ப-ச, சும்மா விரலை ஓட்டினாலே தம்பூரா மாதிரி ரீங்காரம். ஒலி சீக்கிரம் செத்துவிடும், விரல் சதைதான் ஃப்ரெட், அது அதிர்வை விழுங்கிவிடும். கார்டு பிடிக்க நினைக்கவே வேண்டாம். ஆனால் மேலிருந்து வழுக்கி இறங்குகிற ஜாருக்கு இதை அடிக்க வேறெதுவும் இல்லை. அதற்காக எல்லோரும் ஃப்ரெட்டைப் பிடுங்கக் கிளம்ப வேண்டாம். கிட்டார் பிரசன்னா ஃப்ரெட் உள்ள சாதாரண எலக்ட்ரிக்கில்தான் கர்நாடக இசைக் கச்சேரி செய்கிறார், கமகம் அத்தனையும் விரலிலேயே வருகிறது.

இப்போது ஒருவர் புதிதாகத் தொடங்கினால் நான் சொல்வது: எஃப்310 மாதிரி ஒன்று, நட், சேடில் வேலை, மீட்டர், சிலிக்கா ஜெல். மேடைக்குப் போவதாக இருந்தால் ஹம்பக்கர் போட்ட கனமில்லாத எலக்ட்ரிக் ஒன்று, வயர்லெஸ்ஸோடு. டிரஸ் ராடை மழைக்காலத்துக்கு ஒருமுறை, கோடைக்கு ஒருமுறை பாருங்கள், கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருக வேண்டாம். முதல் ஃப்ரெட்டையும் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவதில் விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் கை வைக்கவே வேண்டாம்.

லெஸ் பாலை விற்கலாம் என்று இருக்கிறேன். ஸ்ப்ளிட் சுவிட்சை எடுத்துவிட்டுத்தான் தருவேன், கேஸ் உண்டு, சிலிக்கா ஜெல் இலவசம். பழைய பிக்கப்களும் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன, வேண்டுமானால் அவற்றைத் திரும்பப் போட்டு விலையைக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ராப் மட்டும் கிடையாது, அது ஸ்ட்ராட்டுக்குத் தேவைப்படுகிறது.